அரைச் சுற்று

ஸ்டியரிங்கில் ஒன்றும் இல்லை. நடுக்கம் இல்லை, உறுமல் இல்லை, மணிக்கட்டில் நுழைந்து முழங்கை வரைக்கும் ஏறி அங்கேயே குடியிருந்துவிடும் அந்தப் பழைய கடகடப்பு இல்லை. எஞ்சினுக்கு அடியில் நான்கு புது ரப்பர்களை மாட்டிவிட்டு, "இனி பூ மேல ஒக்காந்த மாதிரி இருக்கும் பாருங்க்கா" என்று மயில்சாமி காலையில் சொன்னது இத்தனை சீக்கிரம் மெய்யாகிவிட்டதே என்று செசிலி முதலில் மகிழ்ந்துதான் போனாள். அந்த மகிழ்ச்சி கொட்டகை வாசலிலிருந்து புல்தரையின் முதல் வெள்ளைக் கோடு வரைக்கும் நிலைத்தது. அதற்கப்புறம், வாயில் போட்ட சோற்றில் கல் அகப்பட்டதுபோல, ஒரு நினைப்பு நறுக்கென்று கடிபட்டது: நடுக்கம் நின்றது வண்டியிலா, தன் கையிலா? அவள் வலது கையைக் குனிந்து பார்த்தாள். அது வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. இடது கையும் அவ்வாறே. பார்த்துக்கொண்டிருக்கும்வரை இரண்டும் தன்னுடையவையாக இருந்தன. பார்வையை எடுத்துவிட்டாலோ, அவை எங்கே இருக்கின்றன என்று யாராவது வந்து சொன்னால் தேவலாம் போலிருந்தது. மழை விட்டு இரண்டு நாளாகியும் குன்னூர் வெயிலுக்குச் சூடு வரவில்லை. விடுதிப் பள்ளியின் வகுப்பறைகளிலிருந்து பெண்பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்பிப்பது எஞ்சின் சத்தத்தின் இடுக்குகளில் வந்து வந்து போயிற்று. சமையலறைப் படியில் டீ கிளாசும் கையுமாக நின்ற மயில்சாமி, கோயம்புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவன், பழைய தோட்ட டிராக்டர்களை எழுப்பி ஓடவைப்பதில் தனக்கு ஈடில்லை என்பதைத் தானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்பவன், வாயருகே கையைக் குவித்துக் கத்தினான்: "எப்பிடியிருக்குதுங்க்கா? அவசரமில்லைங், ஒரு சுத்து போயிட்டு வந்து சொல்லுங்!" அவள் தலையை ஆட்டினாள். சொல்ல வேண்டியது ஒரே சொல். ஆடுகிறது என்று சொல்லலாம், அல்லது ஆடவில்லை என்று சொல்லலாம். பத்தொன்பது வருஷம் இந்தப் புல்வெட்டும் டிராக்டரின் இருக்கையில் உட்கார்ந்த ஒருத்திக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறதே. மயில்சாமி என்ன சொன்னான் என்பதே இப்போது அவளுக்குப் பிடிபடவில்லை. நிற்கும்போது ஆடும், ஓடும்போது அடங்கும் என்றானா. இல்லை, நிற்கும்போது அடங்கியிருக்கும், ஓடும்போது கொஞ்சம் ஆடும், பயப்படாதீர்கள் என்றானா? காலையில் பானெட்டைத் திறந்து, எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி, அடியில் கையை விட்டுத் துழாவி, எண்ணெயில் ஊறிக் கறுத்த நான்கு மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு அவன் அவளைப் பார்த்த பார்வை ஞாபகம் இருந்தது. "ஏனுங்க்கா, ரப்பர் இருக்க வேண்டிய எடத்துல வெறகு இருக்குது? எஞ்சினை அடுப்புலயா ஏத்தி வெச்சிருக்கீங்க?" என்றான். நிற்கும்போது ஆடாமல் நிற்க வேண்டும் என்பதற்காக ஆசாரி செய்து கொடுத்தது என்று அவள் சொன்னாள். "எஞ்சின் ஆடலைன்னா அப்பறம் யாருங்க்கா ஆடறது? மேல ஒக்காந்திருக்கறவங்கதான் ஆடோணும். பத்து வருசம் இதுல ஓட்டியிருந்தா கையி மரத்தே போயிருக்குமே!" என்று அவன் சிரிக்க, அவளும் சிரித்து, "என் கை மரத்துப்போனா அப்பறம் இந்தத் தவளைய யாருப்பா ஓட்டுறது?" என்று திருப்பிக் கொடுத்தாள். பச்சை நிறமும் துருத்திய விளக்குகளுமாக இருப்பதால் பள்ளிப் பிள்ளைகள் வண்டிக்கு வைத்த பெயர் தவளை. எந்தக் காலத்திலோ ஒரு தோட்டத் துரை கப்பலில் வரவழைத்து, ஊரைவிட்டுப் போகும்போது பள்ளிக்கு விட்டுப்போன வண்டி. அதன் சொந்த ரப்பர்கள் எண்ணெய் பட்டுப் பட்டுக் கூழாகிப்போனது அவள் இந்த இருக்கையில் ஏறிய முதல் வருஷம்; விளையாட்டு விழா அன்று, மேடைக்கு முன்னால் நிறுத்திய இடத்தில் எஞ்சின் நனைந்த நாய் உடம்பை உதறுவதுபோல உதறிக்கொண்டு நின்றது. சிறப்பு விருந்தினரின் மனைவி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதைய மேலாளருக்கு மானம் போயிற்று. மறு வாரமே தைலமரத்தில் நான்கு கட்டைகள் கடைந்து வந்தன. அன்றைக்குப் பிறகு எஞ்சின் ஜெப நேரத்துப் பிள்ளையைப்போல அசையாமல் நின்றது. செசிலிக்கு அதில் பெருமையும் இருந்தது. நின்றது எஞ்சின், அதன் ஆட்டம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சரி, மயில்சாமி சொன்னது எது? நிற்கும்போது என்ற சொல்லும் ஓடும்போது என்ற சொல்லும் அவள் தலைக்குள் இடம் மாறி மாறி உட்கார்ந்தன. அவன் டீ குடிக்கப் போன பிறகு அவள் நட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள், நான்கும் அரைகுறையாக இருப்பதாகத் தோன்றியது, ஸ்பேனரை எடுத்து நன்றாக இறுக்கிவைத்தாள். அடுத்தவர் விட்ட குறையோடு ஒரு வண்டியில் ஏறி உட்காருவது அவள் வழக்கமில்லை. பிறகு எஞ்சினைக் கிளப்பினாள். அது நின்ற இடத்தில் ஆடியதா? ஆடவில்லை. அசையவே இல்லை. அப்படியானால் அவன் இரண்டாவதாகச் சொன்னதுதான் சரியாக இருக்க வேண்டும். ஆனால் இப்போது ஓடும்போதும் ஆடவில்லையே.

கூடைப்பந்துக் கம்பத்தைச் சுற்றி வளைத்துத் திருப்பும்போது காவலாளி ராயப்பன் வேலிக்கு அந்தப்புறம் நின்று சலாம் வைத்தான். "என்ன டிரைவரம்மா, ஏரோப்ளேனுக்குப் புதுச் சக்கரமா? எப்ப மேல ஏறும்?" மற்ற நாளானால், உன்னைக் கீழே தள்ளிவிட்டுத்தான் ஏறும் என்று சொல்லியிருப்பாள். இன்று கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். ராயப்பனுக்கு இந்த இருக்கையின்மேல் ஒரு கண் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு பொம்பளையைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்துவிட்டு ஆம்பளையை வாசலில் நிற்க வைத்திருக்கிறார்களே என்று டீக்கடையில் அவன் புலம்பியது அவள் காதுக்கே வந்திருக்கிறது. அவன் ஏறி உட்கார்ந்தால் அவளை எங்கே போடுவார்கள்? சமையலறையில். அரிசியில் கல் பொறுக்க. கல் பொறுக்க முதலில் விரலுக்குக் கல்லும் அரிசியும் வேறு வேறாகத் தெரிய வேண்டுமே. தெரியாது என்பதை அவள் இதற்குமுன் தனக்குள்கூட இத்தனை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டதில்லை. குளிர்காலக் காலைகளில் விரல்கள் மெழுகுவர்த்தியைப்போல வெளுத்துப்போவதைக் குளிருக்கு என்று சொல்லிக்கொண்டாள். ரவிக்கைக் கொக்கி மாட்டத் தங்கை ரெஜினாவைக் கூப்பிட வேண்டியிருந்ததைத் தோள்பட்டை வலி என்று சொன்னாள். டீ கிளாஸ் கை நழுவி விழுந்தபோது கிளாஸ் வழுக்கியது என்றாள். ஜெபமாலைக்கு மட்டும் சாக்கு எதுவும் அகப்படவில்லை. பத்துச் சிறுமணிக்கு ஒரு பெருமணி. கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாலும் பெருமணி வந்ததும் விரல் தானாக நின்றுவிடும். ஐந்து வயதிலிருந்து நின்றிருக்கிறது. போன தவக்காலத்தில் ஒரு நாள் ரெஜினா பாதியில் நிறுத்தி, "ஏய், எங்க போறே? பதினாலு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டே. மாதாவுக்குக் கடனா குடுக்கிற?" என்று கேட்டாள். மனசு எங்கோ போய்விட்டது என்று செசிலி சொன்னாள். மனசு எங்கும் போகவில்லை. பெருமணிதான் வராமலே கடந்து போயிருந்தது. அன்று முதல் அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மணிகளைப் பார்த்துப் பார்த்து ஜெபித்தாள்; பார்த்தவர்கள் பக்தி கூடிவிட்டது என்றார்கள்.

ஆனால் இது அதுவாக இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? நேற்றுவரை கை முழுக்கச் செத்துப்போயிருக்கவில்லை. நேற்று வளையத்தைப் பிடித்தபோது எங்கோ ஆழத்தில், சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ மாவு இடிப்பதுபோல, ஒரு தும் தும் இருந்தது. இருந்ததா? இருந்தது என்று நினைக்கப் பழகியிருந்தாளா? வேறு சாட்சி வேண்டும். இருக்கையைக் கேட்கலாமென்றால் அது கம்பிச் சுருளின் மேல் நிற்கிறது. அதற்கு எதுவும் கேட்காது, எதையும் சொல்லாது. காலைக் கேட்கலாமென்றால் மழைக்குப் போட்ட கனத்த ரப்பர் பூட்ஸ். காதைக் கேட்டாள். பின்னாலிருந்த கருவிப்பெட்டியின் மூடி கலகலவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆகா, அப்படியானால் வண்டி நடுங்குகிறது. ஆனால் அந்த மூடி எப்போதுமே அடித்துக்கொள்கிற மூடியா, இன்று மட்டுமா, முன்னைவிட மெதுவாக அடிக்கிறதா, பலமாகவா? பத்தொன்பது வருஷமாகக் கேட்ட சத்தத்தை அவளால் ஞாபகத்திலிருந்து எடுத்துக் காட்ட முடியவில்லை. தினமும் கேட்ட ஒன்றை யார் கேட்டுவைத்துக் கொள்கிறார்கள். புல்லை வெட்டும் தட்டுக்கு அடியிலிருந்து ஈரப் புல்லின் வாடை வந்தது. பெட்ரோல் வாடை வந்தது. மூக்கு வேலை செய்கிறது, காது வேலை செய்கிறது, கண் வேலை செய்கிறது. இந்த இரண்டு கைகளைப் பற்றி மட்டும் யாரைக் கேட்பது. கண்ணை மூடிப் பார்த்தால் தெரியலாம் என்று தோன்றியது. நேர் வரிதான், எதிரே யாரும் இல்லை, மூடினாள். மூடியதுமே தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளின் முன்னால் வரிசையாக நிற்க வைக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தியாக அவள் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதர் கையில் கோழி இறகு. கண்ணை மூடு, எங்கே தொடுகிறேனோ அங்கே விரலை வை. எல்லாருக்கும் கூச்சம், எல்லாருக்கும் சிரிப்பு. செசிலியும் சிரித்துக்கொண்டே சரியாகத் தொட்டுக் காட்டினாள். பக்கத்தில் நின்ற ரோசம்மாள் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். இறகு அவள் முழங்கையில் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. ரோசம்மாள் விரலைத் தூக்கவில்லை. இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். காத்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் ஒரு நல்ல பிள்ளையின் பொறுமை இருந்தது. குஷ்டம் என்று சொல்லப் பயந்து, பெரிய வியாதி என்று பெண்கள் வாய்க்குள் சொன்னார்கள். அடுத்த வாரம் அந்த வீடு காலியாக இருந்தது. செசிலி கண்ணைத் திறந்தபோது வண்டி வெள்ளைக் கோட்டைவிட்டு ஒரு முழம் விலகி ஓடிக்கொண்டிருந்தது. அவள் உடம்பில் தேமல்கூடக் கிடையாது. தேடிப் பார்த்திருக்கிறாள், ரெஜினா தூங்கிய பிறகு கண்ணாடியை வைத்து முதுகைக்கூடப் பார்த்திருக்கிறாள். பெரிய வியாதி இல்லை. மரக்கட்டை. வெறும் மரக்கட்டை. இதில் எது மேல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

விலகிய வண்டியை ஒடித்துக் கோட்டுக்குக் கொண்டுவரும்போது அவள் கண் வலப்பக்கத்து நெம்புகோலுக்குப் போயிற்று. பிளேடைச் சுழல விடுவதும் நிறுத்துவதும் அந்த நெம்புகோல். முன்னால் தள்ளினால் சுழலும், பின்னால் இழுத்தால் நிற்கும். வெள்ளிக்கிழமை. வேண்டாம், வெள்ளிக்கிழமையைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம் என்று அவள் தன்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் அது வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை மத்தியான மணிக்குச் சற்றுமுன், மேட்டோரத்தில் எஞ்சினை அணைக்காமல் வண்டியை நிறுத்திவிட்டு, வரியில் கிடந்த ஒரு கிளையை அப்புறப்படுத்த அவள் இறங்கினாள். நெம்புகோலை இழுத்துவிட்டுத்தான் இறங்கினாள். இழுத்தாள், கை பின்னால் போனது, அதற்கு அவளே சாட்சி. விளையாட்டுப் பீரியடில் இருந்த ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னியவள், உருண்டு வந்த பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வந்து தட்டின் ஓரத்தில் குனிந்தாள். பந்தை எடுத்தாள். "தேங்க்யூ ஆன்ட்டி" என்றாள், எதற்கென்று தெரியவில்லை, ஓடிப்போனாள். கிளையோடு திரும்பி வந்த செசிலி தட்டின் விளிம்பில் புல்நுனிகள் இன்னும் படபடத்துப் பறப்பதைக் கண்டாள். நெம்புகோல் முன்னாலேயே இருந்தது. கை மட்டும் பின்னால் போயிருந்தது. வெறும் கை, எதையும் பிடிக்காத கை. யாரும் பார்க்கவில்லை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. இரவில் ரெஜினா மீன் குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டபோது நன்றாக இருக்கிறது என்றாள். மறுநாள் அதிகாலை எழுந்து, பழையபடி ரப்பர் போட்டால்தான் வண்டி உருப்படும், ஆளைக் கூப்பிடுங்கள் என்று அலுவலகத்தில் போய் நின்றவளும் அவள்தான். அப்படியென்றால் அவளுக்கு அப்போதே தெரிந்திருந்ததா? வண்டி தேறினால் கையும் தேறிவிடும் என்று கணக்குப் போட்டாளா? போட்டாள்போல. வண்டியைச் சரிசெய்துவிட்டால் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து சரியாகிவிடும் என்று.

மைதானத்தின் கோடியில் சைப்ரஸ் மரங்கள் சுவர் கட்டியதுபோல நிற்கும். அவற்றுக்குப் பின்னால் வண்டி போனால் சமையலறைப் படியிலிருந்து தெரியாது, வாசலிலிருந்தும் தெரியாது. செசிலி அங்கே வண்டியை நிறுத்தினாள். நெம்புகோலைப் பின்னால் இழுத்தாள், இழுபட்டதைக் கண்ணால் பார்த்தாள், கியரை விலக்கினாள், எஞ்சினின் வேகத்தை ஓடும் வேகத்திலேயே வைத்தாள். பிறகு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, யாராவது பார்த்தால் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டே குனிந்து, தன் கன்னத்தை ஸ்டியரிங் வளையத்தின்மேல் வைத்தாள். வைத்ததும் பல்லோடு பல் அடித்துக்கொண்டது. கன்ன எலும்பில் தொடங்கிக் காதுக்குள் புகுந்து கண்குழி வரைக்கும் ஒரு நடுக்கம் ஓடியது. பழைய நடுக்கம், பத்தொன்பது வருஷத்து நடுக்கம், ஒரு இழை குறையவில்லை. அவள் தலையைத் தூக்கினாள். கைகள் வளையத்தின்மேல்தான் இருந்தன. கைகளில் ஒன்றும் இல்லை. மறுபடி கன்னத்தை வைத்தாள். இருக்கிறது. கை. இல்லை. கன்னம். இருக்கிறது. இறகு முழங்கையில் வந்து வந்து போய்க்கொண்டிருக்க, இன்னும் தொடவில்லை என்று நினைத்துக் காத்திருந்தது தான்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் அவள் இன்னும் கொஞ்ச நேரம் கன்னத்தை எடுக்கவில்லை. ஆனால் இது எப்படி? ரப்பர் புதிது. மரக்கட்டைகள் நான்கும் கொட்டகையில் வாளிக்குள் கிடக்கின்றன. பிறகு ஏன் வண்டி மரக்கட்டையின்மேல் நிற்பதுபோலவே நடுங்க வேண்டும்? அவள் இறங்கி, மண்டியிட்டு, எஞ்சினின் அடியைப் பார்த்தாள். ரப்பர்கள் நான்கும் வாஷரின் கீழிருந்து பிதுங்கி, வட்டம் கெட்டு, தோசைபோலத் தட்டையாகிக் கிடந்தன. அப்போதுதான் மயில்சாமியின் குரல் சரியான வரிசையில் வந்தது, எந்தச் சொல்லும் இடம் மாறாமல்: "நிக்கறப்ப நல்லா ஆடும், ஓடறப்ப அடங்கிரும், அதுதானுங்க்கா ரப்பரு. வாஷரு ரப்பரைத் தொட்டதும் அரைச் சுத்து, அதோட கையை எடுத்துரோணும். நசுக்கீட்டா அதும் வெறகுதான்." அவன் அரைச் சுற்றோடு கையை எடுத்தவன். அவன் போன பிறகு அவள் நட்டை விரலால் பிடித்துப் பார்த்தாள். நட்டு இறுகியிருந்தது விரலுக்குத் தெரியவில்லை. தெரியாததனால் அது தளர்வாக இருக்கிறது என்று முடிவுசெய்தாள். ஸ்பேனரைப் போட்டுத் திருகினாள், இறுகுவது தெரியும்வரை திருகுவோம் என்று திருகினாள், அது தெரியவே இல்லை, நான்கையும் அப்படியே.

ஸ்பேனர் கருவிப்பெட்டியில் இருந்தது. அவள் எழுந்து போய் எடுத்தாள். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விரலுக்குத் தெரியாவிட்டால் என்ன, கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு நட்டையும் ரப்பர் தன் வட்டத்துக்குத் திரும்பும்வரை தளர்த்தி, அங்கிருந்து அரைச் சுற்று. பார்த்துப் பார்த்துச் செய்துவிடலாம். ஜெபமாலையைச் செய்யவில்லையா? அதற்கப்புறம் வண்டி நின்ற இடத்தில் ஆடும், ஓடும்போது அடங்கும், மயில்சாமி படியில் நின்று பெருமையாகத் தலையை ஆட்டுவான், பூ மாதிரி இருக்குதப்பா என்று அவள் சொல்வாள், அவன் பஸ்ஸுக்குப் போவான். அந்தச் சொல் பொய்யும் ஆகாது. வண்டி பூ மாதிரிதான் இருக்கும். இனிமேல் ஏறுகிற நடுக்கமும் இல்லை. யார் கண்டது, ஏறுவது நின்றால் இருந்ததுகூடக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கலாம். தளிர்த்து வராத விரல் என்று யார் சொன்னார்கள். நெம்புகோலை மட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும். மழைநாளிலும், கண்ணில் வெயில் அடிக்கும்போதும், பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டுத் திரும்பும்போதும், ராயப்பனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதும். வெள்ளிக்கிழமை யாருக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்? யாருக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை வெறுமனே ஒரு கிளை கிடந்தது. அவள் எஞ்சினை நிறுத்தாமலே ஸ்பேனரை முதல் நட்டில் பொருத்தினாள். பொருந்தியதா? குனிந்து பார்த்தாள். பொருந்தியிருந்தது. கண்ணை எடுத்து, மரங்களின் இடுக்கில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பியபோது ஸ்பேனர் நட்டில் இல்லை, கையிலும் இல்லை, புல்லில் கிடந்தது. விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. இரட்டைப் பின்னல் குனிந்த இடத்துக்கும் சுழன்ற பிளேடுக்கும் நடுவில் எவ்வளவு இருந்திருக்கும் என்று அவள் இதுவரை கணக்குப் பார்த்ததில்லை. இப்போது புல்லில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தபோது, அது ஏறக்குறைய இந்த நீளம் என்று தோன்றியது. அவள் அதை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினாள். மூடி கலகலத்தது. ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டாள்.

கொட்டகை முன்னால் மயில்சாமி காலி கிளாசோடு வந்து நின்றான். பக்கத்தில், வேலை இல்லாத எந்த இடத்திலும் முதலில் வந்து நிற்கும் ராயப்பனும் நின்றான். செசிலி வண்டியை நிறுத்தி எஞ்சினின் வேகத்தைக் குறைத்தாள். எஞ்சின் ஜெப நேரத்துப் பிள்ளையைப்போல அசையாமல் நின்றது. மயில்சாமியின் முகம் சுருங்கியது. "என்னங்க்கா இது, நின்னா ஆடோணுமே? செலை மாதிரி நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே வளையத்தில் ஒரு விரலை வைத்தான், சுட்டதுபோல எடுத்தான். "அடங்கொப்புரானே! இந்த ஆட்டத்துலயா ஒரு சுத்து போயிட்டு வந்தீங்க?" குனிந்து அடியைப் பார்த்தான். "எவன் தொட்டான் இதை? ரப்பரைப் புழிஞ்சு சட்னி ஆக்கி வெச்சிருக்குது!" ராயப்பன் உடனே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். "என்னைப் பாக்காத தம்பி. அந்த வண்டிப் பக்கம் போனா டிரைவரம்மா என் கால ஒடிச்சிருவாங்க." "நான்தான் முறுக்கினேன்," என்றாள் செசிலி. "தளர்வா இருக்குன்னு நெனச்சேன்." மயில்சாமி குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பி, பாதி எரிச்சலும் பாதிச் சிரிப்புமாகக் கேட்டான், பதில் வேண்டிக் கேட்ட கேள்விகூட இல்லை, எந்த மெக்கானிக்கும் எவரையும் கேட்பதுதான்: "ஏனுங்க்கா, இத்தனை இறுக்கு இறுக்கியிருக்கீங்க, முறுக்கறப்ப கைக்குத் தெரியலைங்களா?"

அவசரம், ஞாபகமறதி, வயசு, குளிர், தோள்பட்டை, வழுக்கல். பழகிய பதில்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. "தெரியல," என்றாள்.

மயில்சாமி அதை வேடிக்கையென்று எடுத்துக்கொண்டு சிரிப்பின் மிச்சத்துக்காகக் காத்திருந்தான். "முறுக்குனப்பவும் தெரியல, ஓட்டுறப்பவும் தெரியல. கன்னத்த வெச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கை போயிருச்சுப்பா," என்று, சந்தைக்குப் போய் வந்த சேதியைச் சொல்வதுபோல அவள் சொன்னாள். ராயப்பன் முதல் முறையாக வண்டியைப் பார்க்காமல் அவளுடைய கைகளைப் பார்த்தான். மத்தியான மணி அடித்தது. வகுப்பறைக் கதவுகள் திறந்துகொள்ள, பிள்ளைகளின் கூச்சல் மைதானத்தை நோக்கி இறங்கி வந்தது. செசிலி குனிந்தாள், நெம்புகோல் பின்னால் இழுபட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாள், தட்டின் விளிம்பில் புல்நுனி எதுவும் அசையவில்லை என்பதையும் பார்த்தாள், பார்த்த பிறகே இறங்கி, சாவியை எடுத்து, அது தன் உள்ளங்கையில்தான் இருக்கிறதா என்று விரித்துப் பார்த்துவிட்டு, ராயப்பனிடம் நீட்டினாள்.